தண்ணீர் பிறகுதான் வரும்: குழாய்க் குத்தகையாளர்களும் காப்புறுதியும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலருக்குச் சேனலை மாற்றத் தோன்றியிருக்கும். பைப் வேலை செய்பவருக்குக் காப்புறுதியா, அதற்கு ஒரு கருத்தரங்கா என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள். பிரிக்பீல்ட்ஸ் தொடங்கி கிள்ளான் வரை நம்மவர்கள் பலர் ஒரு வேனையும் இரண்டு ஆட்களையும் வைத்துக்கொண்டு இந்தத் தொழிலில்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். எந்த நிறுவனத்தின் பாலிசியையும் விற்க நான் இங்கு வரவில்லை. அந்த வேனும் வீடும் ஒரே இரவில் கைவிட்டுப் போகக்கூடாது என்பதற்காகவே பேசுகிறேன்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு கடைவீடு. கீழே புடவைக் கடை. மேல் மாடிக் கழிவறையில் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிய குழாய் போடுகிறார் நம் குத்தகையாளர். தண்ணீரைத் திறந்து பார்க்கிறார், ஒழுகவில்லை. பணம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இரண்டு மாதம் கழித்து, தீபாவளிக்குச் சரக்கு இறக்கி வைத்திருக்கும் நேரத்தில், வட்டாரத்தில் தண்ணீர் வெட்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2020 செப்டம்பரில் ஆற்று நீர் மாசடைந்து, ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றதை யார் மறப்பார்கள்? வெட்டு முடிந்து பின்னிரவில் தண்ணீர் திரும்பும்போது, குழாயில் அடைபட்ட காற்றும் அழுத்தமும் சேர்ந்து தள்ளுகின்றன. ஒரு மூட்டு கழன்று கொள்கிறது. காலையில் கடையைத் திறந்தால் பட்டுப் புடவைகள் நனைந்து கிடக்கின்றன. நட்டத்திற்கு யார் பணம் கொடுப்பது?

"எனக்குத்தான் எல்லாம் இருக்கிறதே" என்பார் குத்தகையாளர். என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் சொக்சோ. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் இந்தப் பாதுகாப்பு தொழிலாளிக்கு உரியது. ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்தால் கைகொடுக்கும். வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் 2019 ஜனவரி முதல் இதில் சேர்த்துவிட்டார்கள். ஆள் வைக்காமல் தானே வேலை செய்பவருக்கும் 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இவையெல்லாம் கட்டாயம் வேண்டியவை. ஆனால் நனைந்த புடவைக்குச் சொக்சோ ஒரு காசு தராது.

அடுத்து சி.ஐ.டி.பி. பதிவும் பச்சை அட்டையும். ஜி1 என்றால் 2 லட்சம் வெள்ளி வரையிலான வேலை, ஜி2 என்றால் 5 லட்சம் வரை. எவ்வளவு பெரிய வேலையை எடுக்கலாம் என்பதைத்தான் அந்தத் தரம் காட்டுகிறது. நட்டத்தை யார் ஏற்பது என்பதைக் காட்டவில்லை. 'ஸ்பான்' எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் அனுமதியும் அப்படித்தான். அது நீங்கள் குழாய் வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பதற்குச் சான்று, அவ்வளவே. எஸ்.எஸ்.எம்.மில் தனி உரிமையாளராகப் பதிந்திருந்தாலோ நிலைமை இன்னும் கடினம். தொழிலின் கடன் உங்கள் சொந்தக் கடன். இன்றைய சட்டப்படி கடன் 1 லட்சம் வெள்ளியை எட்டினால் கடன் கொடுத்தவர் உங்களைத் திவாலாக்க மனுச் செய்யலாம். சரக்கு நிறைந்த ஒரு புடவைக் கடைக்கு அந்தத் தொகை பெரிதா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, மூன்றாம் தரப்பினருக்கு ஏற்படும் நட்டத்தை எது ஏற்கும்? பொதுப் பொறுப்புக் காப்புறுதி. 'பப்ளிக் லயபிலிட்டி' என்று முகவர்கள் சொல்வது இதைத்தான். உங்கள் கவனக்குறைவால் மற்றவர் உடலுக்கோ உடைமைக்கோ சேதம் ஏற்பட்டு, சட்டப்படி நீங்கள் பொறுப்பாகும்போது இது கைகொடுக்கிறது. விவரமறிந்த குத்தகையாளர்கள் இதை வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி ஒன்று உண்டு.

அன்பர்களே, குழாய் வேலையில் ஆபத்து பெரும்பாலும் வேலை நடக்கும்போது வருவதில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நீங்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் தண்ணீர் வருகிறது. பொதுப் பொறுப்புப் பாலிசிகளோ பொதுவாக வேலை நடக்கும் காலத்தை நினைத்தே எழுதப்பட்டவை. நீங்கள் விற்ற, பொருத்திக் கொடுத்த பொருளால் ஒப்படைத்த பிறகு ஏற்படும் சேதத்தைப் பல பாலிசிகள் விலக்கி வைக்கின்றன. அதற்குத் தனியாகப் 'புரோடக்ட் லயபிலிட்டி' அல்லது முடித்த வேலைக்கான கூடுதல் பாதுகாப்பு சேர்க்க வேண்டும். நம் கிள்ளான் கதையில் மூட்டு கழன்றது இரண்டு மாதம் கழித்து. அந்த ஒரு வரி பாலிசியில் இல்லையென்றால், ஆண்டுதோறும் கட்டிய பிரிமியம் அந்த இரவுக்கு உதவாது.

வேலை முடிந்து எத்தனை காலத்துக்குப் பயப்பட வேண்டும்? கவனக்குறைவு வழக்குகளுக்கு 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 6 ஆண்டுகள் தருகிறது. அத்துடன் 2019 செப்டம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம் ஒன்று உண்டு. சுவருக்குள் மறைந்திருந்து பிறகு தெரியவரும் சேதம் என்றால், தெரிய வந்ததிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். மொத்தத்தில் 15 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. சுவருக்குள் குழாய் பதிப்பவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சேதம் நடக்கும் நாளில் பாலிசி உயிரோடு இருக்கவேண்டும் என்பதே பல பாலிசிகளின் நிபந்தனை. வேலை செய்த ஆண்டில் வாங்கிவிட்டு அடுத்த ஆண்டு புதுப்பிக்காமல் விட்டால், பழைய வேலைக்கும் பாதுகாப்பு போய்விடும்.

பிரிக்பீல்ட்ஸ் போன்ற அடுக்குமாடிப் பகுதிகளில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு செய்தி. மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்குத் தண்ணீர் கசிந்தால், 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிகள்படி, புகார் கிடைத்த 7 நாட்களுக்குள் நிர்வாகக் குழு வந்து பார்க்க வேண்டும். மாற்றி நிரூபிக்கும்வரை குறை மேல்வீட்டில்தான் என்று விதி கருதுகிறது. மேல்வீட்டுக்காரர் என்ன செய்வார்? சென்ற ஆண்டு குளியலறையைப் புதுப்பித்த உங்களைத்தான் தேடுவார். கீழ்வீட்டுக்காரர் காப்புறுதி வைத்திருந்தாலும் நீங்கள் தப்பியதாக நினைக்காதீர்கள். அவருடைய நிறுவனம் அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவர் இடத்தில் நின்று உங்களிடம் வசூலிக்க வரலாம்.

எல்லாவற்றுக்கும் காப்புறுதி பணம் தரும் என்றும் நம்பிவிட வேண்டாம். தவறாகப் பொருத்திய குழாயை மாற்றும் செலவு பொதுவாக உங்களுடையது. அந்தக் குழாயால் கெட்டுப்போன கூரையும் சரக்கும்தான் பாலிசியின் கணக்கு. மாதக்கணக்கில் மெல்லக் கசிந்து சுவர் பூசணம் பிடித்தால், திடீர் விபத்து இல்லை என்று மறுக்கலாம். தண்ணீர்ச் சேதத்தில் முதல் இவ்வளவு வெள்ளி உங்கள் பங்கு என்றும் எழுதியிருப்பார்கள். நெருப்பு வைத்துச் செம்புக் குழாயைப் பற்றவைக்கும் வேலைக்குத் தனி நிபந்தனைகள் இருக்கலாம். வேலையைத் துணைக் குத்தகைக்குக் கொடுத்தால், அவர் செய்யும் தவறு உங்கள் பாலிசியில் அடங்குமா என்பது வேறு கேள்வி.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம். வீட்டுக்காரர் தமக்காக வாங்கும் காப்புறுதியில், நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். தொழிலுக்காக வாங்குபவருக்கு 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம் கூடுதல் கடமை விதிக்கிறது. நிறுவனம் கேட்காவிட்டாலும், அதன் முடிவுக்கு முக்கியம் என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும். 'வீட்டுப் பைப் ரிப்பேர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலைக் கூரையில் தண்ணீர்த் தொட்டி ஏற்றினால், இழப்பீடு கேட்கும் நாளில் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

ஆகவே முகவர் வரும்போது தேநீர் கொடுங்கள், கூடவே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். வேலையை ஒப்படைத்த பிறகு ஏற்படும் சேதம் அடங்குமா? ஒரு விபத்துக்கு உச்ச வரம்பு எவ்வளவு, அதில் என் பங்கு எவ்வளவு? துணைக் குத்தகையாளரின் தவறு சேருமா? நான் செய்யும் எல்லா வகை வேலையும் பாலிசியில் எழுதப்பட்டிருக்கிறதா? பதிலை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்ததும் அழுத்தச் சோதனை செய்து, தேதியோடு படம் எடுத்து, வாடிக்கையாளரின் கையெழுத்தையும் பெற்று வையுங்கள். சேதம் நடந்துவிட்டால் உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். "என் தவறுதான், நானே கொடுக்கிறேன்" என்று நிறுவனத்தைக் கேட்காமல் ஒப்புக்கொண்டால் பாதுகாப்பை இழக்க நேரலாம். நிறுவனம் நியாயமின்றி மறுத்ததாகக் கருதினால், 2025 ஜனவரி முதல் செயல்படும் எப்.எம்.ஓ.எஸ். எனும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையைச் சிறு தொழில்களும் நாடலாம்.

"பிரிமியத்துக்கு எங்கே போவது?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பெட்ரோலையும் குழாய் விலையையும் கணக்கில் சேர்த்துத்தான் கொட்டேஷன் கொடுக்கிறோம். பிரிமியத்தையும் அப்படியே பிரித்துச் சேருங்கள். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலிவான விலையை மட்டும் பார்க்காமல், "உங்களுக்குக் காப்புறுதி இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினால், அவர் வாங்கத் தொடங்குவார்.

வரும் முன் காக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லிப் போனார்கள். குழாய் வேலைக்காரருக்கு அதோடு, வேலை முடிந்த பின்னும் காத்துக்கொள்ள வேண்டிய கடமை இருக்கிறது. இன்று இரவே அலமாரியிலிருந்து அந்தப் பாலிசியை எடுத்து, விலக்குகள் எழுதியிருக்கும் பக்கத்தை ஒருமுறை படியுங்கள். மொழி புரியாவிட்டால், படித்த பிள்ளையை அருகில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.