விதி மாறினால் விநாடி மாறும்



பந்தயக் கார்களைப் பற்றிப் பேசும்போது, எந்தக் கார் வேகமானது என்றுதான் நாம் கேட்கிறோம். அந்தக் கார் எந்த விதிப்படி கட்டப்பட்டது என்று கேட்பவர் குறைவு. ஆனால் இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் முதற்கேள்விக்குச் சரியான விடை காண இயலாது. அது ஏன் என்பதை இன்று சிந்திப்போம்.

இதற்கு நம் அருகிலேயே ஒரு சான்று உண்டு. சிலாங்கூரிலுள்ள செப்பாங் பந்தயத் தடத்தில் 1999 முதல் 2017 வரை பார்முலா ஒன் பந்தயம் ஆண்டுதோறும் நடைபெற்றது. தடத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். 2016-ஆம் ஆண்டில் தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்ற லூயிஸ் ஹாமில்டன் அதனை 1 நிமிடம் 32.850 விநாடியில் கடந்தார். 2017-இல் அதே ஓட்டுநர், அதே தடம். நேரமோ 1 நிமிடம் 30.076 விநாடி. ஏறக்குறைய 2.8 விநாடி குறைந்துவிட்டது.

இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பாருங்கள். அவ்விரு கார்களும் ஒன்றாகப் புறப்பட்டால், 2017-இன் கார் ஒரு சுற்றை முடிக்கும்போது மற்றது சுமார் 165 மீட்டர் பின்தங்கியிருக்கும். அது ஒன்றரைக் காற்பந்துத் திடலின் நீளம்!

ஓராண்டில் ஓட்டுநரின் திறமை அவ்வளவு வளர்ந்துவிட்டதா? இல்லை. விதி மாறியது. காரின் அகலம் 1,800 மில்லிமீட்டரிலிருந்து 2,000 ஆக உயர்த்தப்பட்டது. முன் டயரின் அகலம் 245-லிருந்து 305 மில்லிமீட்டராகவும், பின் டயர் 325-லிருந்து 405 ஆகவும் கூடின. இறக்கைகளும் அகன்றன.

இவற்றால் நேரம் எப்படிக் குறைகிறது? வளைவில் திரும்பும் காரை வெளியே சறுக்கவிடாமல் பிடித்து வைப்பது, டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு. டயரைத் தரையோடு அழுத்தும் விசை கூடினால் பிடிப்பும் கூடும். காரில் மூட்டைகளை ஏற்றினாலும் அழுத்தம் கூடும். ஆனால் வளைவில் அந்தச் சுமையையும் சேர்த்தல்லவா திருப்ப வேண்டும்? இந்தச் சிக்கலைக் காற்று தீர்க்கிறது. விமானத்தின் இறக்கை மேலே தூக்குகிறது. பந்தயக் காரின் இறக்கை தலைகீழாக அமைந்திருப்பதால், காற்று அதைக் கீழே அழுத்துகிறது. காரின் அடியில் விரைந்தோடும் காற்றும் காரைத் தரையை நோக்கி இழுக்கிறது. எடை கூடாமலே அழுத்தம் கூடுகிறது.

அகன்ற கார் நேர்ப்பாதையில் காற்றின் தடையைக் கூடுதலாகச் சந்திக்கும். அங்கே சற்று வேகம் குறையும். அந்த இழப்பை வளைவுகளில் ஈடுகட்டி, அதற்கு மேலும் நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

அப்படியானால் எப்போதும் வேகத்தைக் கூட்டும் விதிகளையே இயற்றலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் மனித உயிர் குறுக்கே நிற்கிறது. வேகம் 10 விழுக்காடு கூடினால், மோதலின்போது வெளிப்படும் ஆற்றல் 21 விழுக்காடு கூடும். 1994-ஆம் ஆண்டு இத்தாலியின் இமோலா தடத்தில், ஏப்ரல் 30-ஆம் நாள் ரோலண்ட் ராட்சன்பெர்கரும், மறுநாள் அயர்ட்டன் சென்னாவும் உயிரிழந்தனர். உலகமே அதிர்ந்தது. அதன்பின் கார்களின் வேகத்தைக் குறைக்க விதிகள் வந்தன. அதே ஆண்டில், கார் தரையோடு ஒட்டி ஓடாதிருக்க, அதன் அடியில் 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகை பொருத்தப்பட்டது. அந்தப் பலகை அளவுக்கு மீறித் தேய்ந்திருந்ததால், அவ்வாண்டு பெல்ஜியப் பந்தயத்தில் மைக்கேல் ஷூமாக்கரின் வெற்றி பறிக்கப்பட்டது. 1995-இல் இயந்திரத்தின் கொள்ளளவு 3.5 லிட்டரிலிருந்து 3 லிட்டராகக் குறைந்தது. 1998-இல் காரின் அகலம் குறைக்கப்பட்டு, டயர்களில் பள்ளக்கோடுகள் இடப்பட்டன.

பொறியாளர்கள் சும்மா இருந்தார்களா? விதி எடுத்துக்கொண்ட விநாடிகளை ஒவ்வொன்றாக மீட்டார்கள். 2004-இல் செப்பாங்கில் ஹுவான் பாப்லோ மொன்டோயா, பந்தயத்தின்போது ஒரு சுற்றை 1 நிமிடம் 34.223 விநாடியில் முடித்துச் சாதனை படைத்தார். பிறகு 2006-இல் இயந்திரம் 2.4 லிட்டராகவும், 2014-இல் மின்சார உதவியுடன் கூடிய 1.6 லிட்டராகவும் மாறியது. மொன்டோயாவின் சாதனை 13 ஆண்டுகள் நிலைத்தது. 2017-இல் செபாஸ்டியன் வெட்டல் 1 நிமிடம் 34.080 விநாடியில் அதை முறியடித்தார். வேறுபாடு 0.143 விநாடி மட்டுமே!

தகுதிச் சுற்றில் அவ்வளவு விரைந்த 2017-இன் கார், பந்தயத்தில் ஏன் இவ்வளவு குறைவாக முந்தியது? இங்கும் விதிதான் காரணம். 2004-இல் நடுவில் நின்று எரிபொருள் நிரப்ப அனுமதி இருந்தது. ஆகவே கார் இலேசாக ஓடியது. 2010 முதல் அது தடை செய்யப்பட்டது. முழுப் பந்தயத்திற்கும் வேண்டிய எரிபொருளைத் தொடக்கத்திலேயே சுமக்க வேண்டும். 10 கிலோ கூடினால் ஒரு சுற்றுக்குச் சுமார் 0.3 விநாடி இழப்பு என்பது பந்தயத் துறையினரின் பொதுவான கணக்கு. காரும் கனத்துவிட்டது. 2004-இல் ஓட்டுநருடன் சுமார் 600 கிலோவாக இருந்த குறைந்தபட்ச எடை, 2017-இல் 728 கிலோ.

நேயர்களே, கடிகாரம் பொய் சொல்வதில்லை. ஆனால் முழு உண்மையையும் அது சொல்வதில்லை. ஒரு சுற்றின் நேரத்தில் ஓட்டுநரின் துணிவு இருக்கிறது, பொறியாளரின் அறிவு இருக்கிறது, விதி வகுத்தோரின் கவலையும் இருக்கிறது. நேரம் நீண்டிருந்தால் கார் தாழ்ந்தது என்று பொருளல்ல. ஒருவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகவும் அந்த விநாடிகள் கூட்டப்பட்டிருக்கலாம். ஆகவே மாணவர்களே, இரண்டு சாதனைகளை ஒப்பிடுமுன், இரண்டும் ஒரே விதியின்கீழ் பிறந்தவையா என்று முதலில் கேளுங்கள். பந்தயத் தடத்திற்கு வெளியேயும் அந்தக் கேள்வி உங்களுக்குப் பயன்படும்.