ஆய்வுகூடத்திலிருந்து நோயாளியின் கட்டில் வரை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இந்தப் பாடசாலையின் பிள்ளைகளாகிய எங்களுள் வைத்தியர்கள் இருக்கிறோம். தாதியர், பொறியியலாளர், கணக்காளர் இருக்கிறோம். வெளிநாட்டில் வாழும் பலர் ஊர் வைத்தியசாலைகளுக்கு உபகரணங்கள் அனுப்ப விரும்புகிறோம். உயர்தர வகுப்பில் படிக்கும் தங்கைமாரோ புதிதாக ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்வோம். ஒரு புதிய மருத்துவ உபகரணம் நோயாளியிடம் எப்படி வந்து சேர்கிறது? அந்தப் பாதையில் எங்களுக்கு என்ன வேலை?

எங்கள் பிராந்தியத்திலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. சிறு பிள்ளைகளுக்கு வரும் தொண்டைப் புண்ணைக் கவனியாமல் விட்டால், சிலருக்கு அது ருமாட்டிக் காய்ச்சலாக மாறி இருதய வால்வைக் கெடுத்துவிடும். கெட்டுப்போன வால்வை மாற்ற வேண்டுமென்றால், இந்தியாவில் ஒரு காலத்தில் இறக்குமதியான வால்வைத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அது எட்டாத விலை. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இருதய சத்திரசிகிச்சை நிபுணர் எம். எஸ். வலியத்தானும், பொறியியலாளர் ஜி. எஸ். புவனேஷ்வரும், அவர்களுடைய குழுவினரும் 1970களின் பிற்பகுதியில் உள்நாட்டிலேயே ஒரு வால்வைச் செய்ய முனைந்தார்கள்.

வால்வு பார்வைக்கு எளிமையானது. ஒரு வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு தட்டு, வளையத்தைச் சுற்றித் தையல் போடுவதற்கு ஒரு துணிப்பட்டி. ஆனால் இருதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை துடிக்கிறது. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 4 கோடி தடவை. பத்து ஆண்டில் 40 கோடி தடவை அந்தத் தட்டு திறந்து மூட வேண்டும். ஒரே ஒரு தடவை சிக்கிக்கொண்டாலும் உயிர் போய்விடும்.

முதல் மாதிரியில் உலோகத்தைப் பற்றவைத்த இடம் உடைந்தது. இரண்டாவதில் தட்டு நீலமணிப் படிகத்தாலும் சட்டம் டைட்டேனியத்தாலும் ஆனவை. கடினமான தட்டு மென்மையான உலோகத்தைத் தேய்த்துத் தின்றது. மூன்றாவதில் உலோகத்தை மாற்றினார்கள். தேய்வு நின்றது, ஆனால் செம்மறியாட்டில் பொருத்திப் பார்த்தபோது படிகத் தட்டு உடைந்தது. நான்காவது மாதிரியில் தட்டை ஒரு வகைப் பிளாஸ்டிக்கினாலும், சட்டத்தைக் கோபால்ட் கலப்புலோகத்தினாலும் செய்தார்கள். அதுதான் நிலைத்தது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. 1995 ஜனவரி வரை ஆறு நிலையங்களில் 306 நோயாளிகளுக்குப் பொருத்தி, அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். டிடிகே நிறுவனம் அதை உற்பத்தி செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது.

தங்கைமார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வால்வுக்கான யோசனை சில மாதங்களில் வந்திருக்கலாம். அது நம்பத்தக்கது என்று காட்டுவதற்குத்தான் பத்து ஆண்டுக்கு மேல் சென்றது. மூன்று மாதிரிகளும் உடைந்தன, தேய்ந்தன. அந்தக் கோளாறுகள் பரிசோதனைச் சாலையிலும் விலங்குகளிலும் தெரியவந்தபடியால் எந்த நோயாளியும் அவற்றுக்குப் பலியாகவில்லை. மெதுவாகப் போனார்களே என்று அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அதில் பாதிக்கப்பட்டவர்கள் பெண்கள். லூப் என்று நாங்கள் சொல்லும் கருத்தடைச் சாதனங்களில் ஒன்று டல்கன் ஷீல்ட். 1971இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பொருத்தப்பட்டது. அக்காலத்தில் மருந்துக்கு அங்கே அனுமதி பெற வேண்டும். இப்படியான சாதனத்துக்கு முன்னனுமதி தேவையில்லை. அதன் நூல் பல மெல்லிய இழைகளை ஓர் உறைக்குள் இட்டுச் செய்யப்பட்டது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, அந்த இழைகள் கிருமிகளைக் கருப்பைக்குள் ஏற்றின. பலருக்குக் கடுமையான தொற்று, பலருக்குப் பிள்ளைப் பேறே இல்லாமற் போனது, சிலர் இறந்தார்கள். 1974இல் அங்கே விற்பனை நிறுத்தப்பட்டது. சாதனங்களையும் சோதித்து அனுமதிக்கும் சட்டம் 1976இல் வந்தது. நல்ல லூப்களைக்கூடப் பெண்கள் அஞ்சிய காலம் அதற்குப் பிறகும் நீடித்தது.

சோதித்தோம் என்று சொன்னால் மட்டும் போதாது, யாரில் சோதித்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். விரலில் மாட்டி ஒட்சிசன் அளவைப் பார்க்கும் கருவியைக் கொரோனாக் காலத்தில் எல்லோரும் அறிந்துகொண்டோம். அது தோலின் ஊடாக ஒளியைச் செலுத்தி அளப்பது. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்திருந்தும் கருவி சரியென்று காட்டிய சந்தர்ப்பங்கள், வெள்ளையினத்தவரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தன. கருநிறத் தோல் கொண்ட எங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

இலங்கையில் இந்தக் காவல் வேலை தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையுடையது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. மருந்து மட்டுமல்ல, மருத்துவ உபகரணமும் அங்கே பதிவு பெற வேண்டும். படிவங்கள், கட்டணம், காத்திருப்பு என்று நாங்கள் அலுத்துக்கொள்வதுண்டு. டல்கன் ஷீல்டை நினைத்தால் அந்த அலுப்புக் குறையும்.

பதிவு கிடைத்ததோடு கதை முடிவதில்லை. செயற்கை வால்வு பொருத்தப்பட்ட பெண் வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் குளிசை எடுக்க வேண்டும். ஒழுங்காக இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கர்ப்பமாகும்போது அந்தக் குளிசையே குழந்தைக்கு ஆபத்தாகலாம், நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. ஆகவே திருமணத்துக்கு முன்பே அவளோடு அமர்ந்து பேசும் வைத்தியரும், அருகில் ஓர் ஆய்வுகூடமும் வேண்டும். வால்வு வந்தும் இவை வராவிட்டால் அவள் பாதி வழியில்தான் நிற்கிறாள்.

இனி, அன்பளிப்புச் செய்யும் எங்கள் அக்காமாருக்கு. உங்கள் மனதை நாங்கள் அறிவோம். ஆனாலும் துணி போர்த்தி மூலையில் வைக்கப்பட்ட இயந்திரங்களை எங்கள் வைத்தியசாலைகளில் பார்த்திருக்கிறோம். கனடாவிலிருந்து வரும் இயந்திரம் 120 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டிருக்கும். இங்கே 230 வோல்ட். சிலவற்றுக்கு ஒருமுறை மட்டும் பாவிக்கும் பாகங்கள் வேண்டும்; அவை இங்கே கிடைப்பதில்லை. ஆகவே பணம் சேர்க்கத் தொடங்கும் முன்னர் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். அந்த விடுதியின் தாதியரும் வைத்தியரும் இதைக் கேட்டார்களா? இங்கே பதிவு பெற்றதா? உதிரிப்பாகங்களும் பாவனைப் பொருட்களும் எங்கே, என்ன விலைக்கு? பழுதானால் யார் திருத்துவார்? பயன்படுத்தப் பழக்குபவர் யார்? ஐந்துக்கும் பதில் கிடைத்தால் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பணத்தை உதிரிப்பாகத்துக்கோ பயிற்சிக்கோ கொடுங்கள்.

தாதியராகவும் வைத்தியராகவும் இருப்பவர்கள், ஓர் உபகரணம் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டாமல் எழுதி அறிவிப்போம். ஒரு விடுதியில் ஒருமுறை நடந்தது தற்செயலாகத் தோன்றலாம். பத்து விடுதிகளிலிருந்து எழுதினால்தான் அது உபகரணத்தின் கோளாறு என்று தெரியவரும்.

தங்கைமாரே, கண்டுபிடிப்பவர்கள் எங்களுக்கு வேண்டும். அதே அளவுக்கு, 40 கோடி தடவை திறந்து மூடுமா என்று பொறுமையாக எண்ணிப் பார்ப்பவர்களும் வேண்டும். பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் அளவீட்டை மூன்று தடவை எடுங்கள் என்று எங்கள் ஆசிரியைகள் சொன்னார்கள். இரண்டாவது நூற்றாண்டில் காலடி வைக்கும் இந்தப் பாடசாலையிலிருந்து அப்படிப்பட்ட பெண்கள் இன்னும் பலர் வர வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறோம்.