தோல் இல்லாத தாளம்

தோல் தொழிலில் ஊறிய ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்தில் தோலைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் கூட்டத்தை ஆட வைப்பதும் பறையின் தோல்தான். பறையைத் தீயில் காய்ச்சினால் ஒலி கணீரென்று ஏறும். ஈரக்காற்று பட்டால் இறங்கிவிடும்.

அந்தத் தோலே இல்லாமல், மின்சுற்றிலிருந்து தாளம் எழுப்பி ஆட வைக்கும் இசையும் உண்டு. அதுதான் எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக். நம் பிள்ளைகள் இ.டி.எம். என்பார்கள். இந்தப் பெயர் அமெரிக்காவில் பெரிதாகப் பரவியது 2010 வாக்கில்தான். இசையோ அதற்கு முப்பது ஆண்டு மூத்தது. சிகாகோவில் ‘வேர்ஹவுஸ்’ என்ற கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று இழைத்து ஓட்டியதிலிருந்து ‘ஹவுஸ்’ வந்தது. டெட்ராய்ட் பக்கம் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் ‘டெக்னோ’வை உருவாக்கினார்கள். டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளின் ஊர். ஷூ கம்பெனி ஷிப்டுக்கு ஓடும் நம் ஊர்க்காரர்களுக்கு, அங்கே பிறந்த இசை அந்நியமாக இருக்க நியாயமில்லை.

அவர்களுக்குக் கைகொடுத்தது ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-இல் கொண்டுவந்த டி.ஆர்.808 என்ற தாளக் கருவி. நிஜ டிரம் மாதிரி ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கினார்கள். 1983-இல் உற்பத்தியே நின்றது. பழைய கருவிகள் மலிவாகக் கைமாறின. காசில்லாத இளைஞர்கள் வாங்கி, அந்த ‘நிஜமில்லாத’ ஒலியையே தங்கள் குரலாக்கிக்கொண்டார்கள்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்காரர் ஒருவரை விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். சரண்ஜித் சிங், மும்பையில் இந்திப் படங்களுக்கு வாசித்த கலைஞர். அதே 808-ஐயும், ரோலண்டின் டி.பி.303 என்ற பேஸ் கருவியையும், ஜூபிடர்-8 சிந்தசைசரையும் இணைத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்து 1982-இல் இசைத்தட்டாக்கினார். விற்பனை ஆகவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, சிகாகோவின் ஃப்யூச்சர் குழு அதே 303-இன் குமிழ்களை முறுக்கி வெளியிட்ட ‘ஆசிட் ட்ராக்ஸ்’ உலகப்புகழ் பெற்றது. சிங்கின் தட்டு 2010-இல் மறுபடி வெளிவந்தபோதுதான், இரண்டும் இவ்வளவு ஒத்திருக்கின்றனவே என்று மேல்நாட்டார் வியந்தார்கள். 2015-இல் அவர் காலமானார்.

அந்தத் தட்டில் பூபாலி இருக்கிறது, நம் மோகனம். மால்கௌன்ஸ் இருக்கிறது, நம் இந்தோளம். இணையத்தில் கிடைக்கிறது. பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.