தெளிந்த நீரும் நல்ல நீரும்



நம் பக்கத்து வீடுகள் சிலவற்றில் பின்கட்டில் ஒரு சிறு தொட்டி கட்டி, தங்கமீன் வளர்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. ஆனால் கொஞ்ச நாளில் புகார் வந்துவிடுகிறது: "சாமி, தண்ணீர் பச்சையாகிவிட்டது. தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டோம். கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் மீன் செத்து மிதக்கிறது!"

ஏன் இப்படி? தண்ணீர் பச்சையாவது பாசியினால். நல்ல வெயிலும், மீன் தின்றது போக மிஞ்சிய தீனியும் சேர்ந்தால் பாசி பெருகும். அது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாதது. மீனின் செவுள் வழியே அம்மோனியா என்ற நச்சு ஓயாமல் வெளியேறி நீரில் கரைகிறது. அதற்கு நிறம் இல்லை.

அந்த நச்சை மாற்றுகிறவை நுண்ணுயிர்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நச்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும்; அது அவ்வளவு தீங்கற்றது, செடிக்கு உரம். 1877-இல் பிரான்சு நாட்டு அறிஞர்கள் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் மணல் நிரப்பிய குழாயில் கழிவுநீரை மெல்லச் சொட்டவிட்டுப் பார்த்தார்கள். சுமார் இருபது நாள் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட் வந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் வேலை நின்றுபோனது. மணலுக்குள் உயிர்கள் உழைத்திருக்கின்றன என்று அப்போது தெளிவாயிற்று.

நம் வடிகட்டியிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஒரு வாளியில் ஜல்லியும் பஞ்சும் போட்டு, சிறு மோட்டாரால் நீரை அதன் வழியே ஓடவிட்டால் போதும். நுண்ணுயிர்கள் ஜல்லியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் குறைவாக இருக்கட்டும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி போடுங்கள். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். அதிலுள்ள குளோரின் அந்த உயிர்களைக் கொன்றுவிடும். தொட்டி நீரிலேயே லேசாக அலசினால் போதும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை எடுத்துச் செடிகளுக்கு ஊற்றுங்கள். புது நீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்திருந்து, பிறகு விடுங்கள். பாதித் தொட்டிக்கு நிழல் இருந்தால் பாசியும் அடங்கும்.

நம் பாட்டிமார் கலங்கல் நீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். மண் அடியில் படிந்துவிடும். ஆனால் நீரில் கரைந்திருப்பதை அந்தக் கொட்டை நீக்காது. தெளிவு வேறு, நலம் வேறு.

தருமபுரிக்காரர்களாகிய நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் நிலத்தடிப் பாறையிலிருந்து ஃபுளூரைடு கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கிறது. பளிங்குபோலத் தெளிந்த நீர்! ஆனால் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் கறை படிகிறது. இன்னும் கூடினால், பல ஆண்டுகளில் எலும்பும் மூட்டும் இறுகிப்போகின்றன. காய்ச்சினாலும் அது போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். இதற்காகத்தான் ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் அது தொடங்கி வைக்கப்பட்டது.

இருந்தும், "போர் தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது" என்று பிள்ளைகளுக்கு அதையே கொடுக்கிற வீடுகள் உண்டு. தாய்மாரே, ஆற்றுநீர் வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் அதைப் பிடித்து வையுங்கள். போர் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் குடிக்கவேண்டிய நிலை என்றால், முதலில் சோதித்துப் பார்க்கச் செய்யுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத தீங்கும் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் நன்மையும் உண்டு. முன்னதை விசாரித்து அறிவோம். பின்னதைப் பொறுமையோடு காப்போம்.