நாணலும் பிரபுக் கரும்பும்



குலம், கோத்திரம், ரத்த சுத்தம் என்று ஓயாமல் பேசுகிறவர்கள் நம் நாட்டில் இன்னும் இருப்பதால், பிறப்பு என்பது செல்லுக்குள் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி நாம் சிறிது பேச வேண்டியிருக்கிறது.

வெங்காயத்தைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடுகிறதல்லவா? அவ்வேரின் நுனியை நறுக்கிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல்களுக்குள் நூல் துண்டுகள் போன்றவை தெரியும். அவைதான் குரோமோசோம்கள். வெங்காயத்துக்கு 16. செல் பிரியுமுன் ஒவ்வொன்றும் தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ளுகிறது. ஆகவே, பிரிந்த இரண்டு செல்லிலும் அதே 16 இருக்கும். மகரந்தமும் சூல்முட்டையும் உண்டாகும்போது மாத்திரம் கணக்கு பாதியாகிறது. தாய் பங்கு 8, தகப்பன் பங்கு 8. (பெண்ணுக்குச் சரிபாகம் கொடுக்க நம் சட்டத்துக்கு எத்தனை காலமாயிற்று என்பது வேறு விஷயம்!)

நெல்லுக்கு 24, கோதுமைக்கு 42, மனிதனுக்கு 46, உருளைக்கிழங்குக்கு 48. எண்ணிக்கையில்தான் உயர்வு என்றால், உருளைக்கிழங்கை நாம் விழுந்து கும்பிட வேண்டும். முகத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளுகிறவனுக்கும் காலில் பிறந்ததாகச் சொல்லப்பட்டவனுக்கும் அந்த 46 தான்.

இனி, கலப்பால் குலம் நாசமாகும் என்று கீதையில் அர்ச்சுனன் புலம்புகிறானே, அதைப் பார்ப்போம். கரும்பிலும் ஒரு மேல் ஜாதி உண்டு. தடித்து இனிக்கும் கரும்புக்கு வெள்ளைக்காரர்கள் பிரபுக் கரும்பு என்றே பெயரிட்டார்கள். அதற்கு 80 குரோமோசோம்கள். ஆனால் வட நாட்டுக் குளிரையும் வறட்சியையும் அந்தப் பிரபு தாங்கமாட்டார். 1912-ல் கோயம்புத்தூரில் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும், ஆற்றோரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த நாணலின் மகரந்தத்தைப் பிரபுக் கரும்பில் சேர்த்தார்கள். அந்த நாணலுக்கு 64. பிறந்த பிள்ளைதான் 1918-ல் வெளிவந்த கோ 205. நாணலின் உறுதியும் கரும்பின் இனிப்பும் சேர்ந்திருந்ததால், அது பஞ்சாபில் பழைய மெல்லிய கரும்பை விட அதிக மகசூல் தந்தது.

இதில் ஒரு வேடிக்கை. பாதிக்குப் பாதி என்றால் 40-ம் 32-ம் சேர்ந்து 72 ஆக வேண்டும். ஆனால் பிள்ளைக்கு இருந்ததோ 112! தாய் பாதியாக்காமல் தன் 80-ஐயும் அப்படியே கொடுத்துவிட்டாள். நாணல் 32 தந்தது. இயற்கை எந்தச் சாஸ்திரத்தையும் கேட்டு நடப்பதில்லை.

இந்நிலையத்தில் 1934-ல் சேர்ந்து கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர், தலச்சேரியில் தீயர் வகுப்பில் பிறந்த ஜானகி அம்மாள். மலையாளத்தில் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட வகுப்பு அது. அவர் கரும்பையும் மக்காச்சோளத்தையுமே கலந்து பார்த்தார். 1945-ல் டார்லிங்டனோடு சேர்ந்து, உலகப் பயிர்களின் குரோமோசோம் கணக்கையே நூலாக வெளியிட்டார்.

கரும்பைக் காட்டி மனிதனுக்குச் சட்டம் எழுத நாம் வரவில்லை. எல்லாக் கலப்பும் பலன் தரும் என்றும் சொல்லவில்லை. பல கலப்புகளில் விதையே பிடிப்பதில்லை. கலந்தாலே கேடு என்பவர்கள்தான் ருஜுக் காட்ட வேண்டும். இன்றைய ஆலைக் கரும்பின் குரோமோசோம்களில் சுமார் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை நாணல் வழி வந்தவை. அப்படிப்பட்ட கரும்பில் காய்ச்சிய வெல்லத்தைத்தான் சர்க்கரைப் பொங்கலாக்கிச் சாமிக்குப் படைக்கிறார்கள். எந்த அர்ச்சகரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.