எச்சரிக்கையை நாம் ஏன் நம்புவதில்லை?

(பழைய மாணவியர் சங்கத்தின் 2017 ஆம் ஆண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



காலநிலை மாற்றம் பற்றிப் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டதை வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு மழைன்னு ரேடியோவுல சொல்றாங்க, வெயில் அடிக்குது. அம்பது வருசத்துக்கு அப்புறம் நடக்கப் போறத மட்டும் சரியா சொல்லிருவாங்களாக்கும்!"

அம்மாவின் ஐயத்தை நான் தள்ளிவிடவில்லை. இவ்வாண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து விலகப்போவதாக அறிவித்தார். உலகெங்கும் இதே விவாதம்தான் நடக்கிறது. ஆனால் இலாபத்தைக் காக்க எழும் ஐயம் வேறு, அனுபவத்திலிருந்து எழும் ஐயம் வேறு. நாற்பது பேர்களுக்கு நடுவே மலையில் நின்று வானத்தைப் பார்த்தே வேலை செய்த ஒருவர் கேட்கும் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டியது படித்த நமது கடமை.

முதலில் வானிலையையும் காலநிலையையும் பிரித்துப் பார்ப்போம். வருகிற ஜூன் 12 ஆம் திகதி வட்டவளையில் மழை பெய்யுமா என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் வட்டவளையில் பெப்ரவரியைவிட ஜூனில் அதிக மழை பெய்யும் என்று இங்குள்ள சின்னப் பிள்ளையும் சொல்லும். தென்மேல் பருவக்காற்று அப்போது அந்த மலைகளில்தான் மோதுகிறது. ஒரு நாளின் நிலை வானிலை. ஏறத்தாழ 30 ஆண்டுகளின் சராசரிப் போக்கு காலநிலை. ஒரு மாணவி ஒரு தவணைப் பரீட்சையில் எத்தனை புள்ளி எடுப்பாள் என்று சொல்வது கடினம். ஒரு வகுப்பின் பல வருடச் சராசரி ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்வது அவ்வளவு கடினமல்ல.

அதேபோல, "நுவரெலியாவில் இன்னும் துகள் உறைபனி விழுகிறதே, தேயிலைச் செடி கருகுகிறதே, பிறகு என்ன வெப்பம்?" என்றும் கேட்கிறார்கள். தை, மாசியில் மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக வானுக்கு இழந்துவிடுவதால் விழும் பனி அது. அப்படிச் சில இரவுகள் இருப்பதால் மொத்தக் கணக்கு மாறிவிடாது. 1880 முதல் 2012 வரை உலகின் சராசரி வெப்பநிலை 0.85 பாகை செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. 1958 இல் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது வளியின் பத்து இலட்சம் பங்கில் 315 பங்கு அளவில் இருந்த காபனீரொட்சைட்டு இன்று 400 ஐத் தாண்டிவிட்டது. இவை ஆரூடங்கள் அல்ல, அளந்து எழுதிய கணக்குகள்.

அறிவியலாளர் தவறு செய்வதில்லையா? செய்கிறார்கள். இமயமலைப் பனியாறுகள் 2035 அளவில் மறைந்துவிடலாம் என்று காலநிலை மாற்றத்திற்கான அரசுகளிடைக் குழுவின் 2007 ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு வரி வந்தது. அது பிழை. 2010 இல் அக்குழுவே அதை ஒப்புக்கொண்டது. அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டி வாதாடியவர்களும் பனியாற்று ஆய்வாளர்கள்தான். பிழை பிடிக்கப்படுகிற இடத்தில்தான் உண்மைக்கு வழி இருக்கிறது.

இப்போது நமது மலைக்கு வருகிறேன். இவ்வாண்டு இலங்கைத் தேயிலைக்கு 150 வயது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று மேடைகளில் எல்லாம் சொல்கிறோம். ஆனால் மலையகம் முழுவதும் தேயிலை பரவியதற்குக் காரணம், ஓர் எச்சரிக்கை நம்பப்படாமல் போனது என்பதைச் சொல்வதில்லை. அக்காலத்தில் இந்த மலைகளில் இருந்தது கோப்பி. 1869 இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி தென்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அதைப் பார்த்த உடனேயே ஆபத்தை உணர்ந்து சொன்னார். துரைமார் பலர் நம்பவில்லை. "காலம் சரியில்லை, மண் சோர்ந்துவிட்டது, உரம் போட்டால் தேறிவிடும்" என்றார்கள்.

அவர்கள் முட்டாள்கள் அல்லர். விளைச்சல் குறைந்த அதே வருடங்களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. கையில் பணம் குறையவில்லை. எனவே நோய் பரவிக்கொண்டிருக்கும்போதே மேலும் காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1880 இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் வந்து, இது காற்றில் பரவும் பூஞ்சணம் என்று ஐயமறக் காட்டியபோது காலம் கடந்துவிட்டது. தோட்டங்கள் முறிந்தன. துரைமார் கடனாளியானார்கள். சம்பளப் பாக்கி கிடைக்காமல் நின்றவர்கள், மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த நமது முன்னோர்.

இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகளின்படி, தேயிலை விளைச்சல் ஏறத்தாழ 22 பாகை வரை வெப்பத்தோடு கூடும், அதற்குமேல் குறையத் தொடங்கும். அப்படியானால் வெப்பம் கூடும்போது முதலில் அடிபடுவது தாழ்நிலமும் நடுமலையும். குளிரான நுவரெலியா மலைகளில் சில காலம் கொழுந்து கூடவும் செய்யலாம். அப்போது, "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே" என்போம். அன்று கோப்பி விலை மறைத்ததை நாளை கொழுந்து மறைக்கக்கூடும்.

காரணம் சொல்வதிலும் நேர்மை வேண்டும். கடந்த 2016 இல் நாட்டின் தேயிலை உற்பத்தி 30 கோடி கிலோவிற்குக் கீழே இறங்கியது. சிலர் வறட்சி என்றார்கள். சிலர் 2015 இல் கிளைபோசேட் களைநாசினியைத் தடைசெய்ததே காரணம் என்றார்கள். இரண்டுக்கும் பங்கு இருக்கலாம். எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் போட்டால், கேட்பவர்கள் நம்மை நம்ப மறுப்பதில் வியப்பில்லை.

சகோதரிகளே, இவ்வளவையும் அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "சரி, நீ சொல்றது எல்லாம் உண்மைனே வச்சுக்குவோம். தெரிஞ்சா மட்டும் நாங்க எங்க போறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. எனக்கு மீரியபெத்தை நினைவுக்கு வந்தது. நமது மலைகளுக்கு அப்பால், ஊவாவில், கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள தோட்டம் அது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. பலரது உடல்கள் மீட்கப்படவே இல்லை. அது ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. "சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்றது ஒரு பக்கம். "போகச் சொன்னார்கள், போக இடம் தரவில்லை" என்றது மறுபக்கம். புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 இல்.

அந்தச் சரிவு காலநிலை மாற்றத்தால்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு தனிச் சம்பவத்தைக் கொண்டு அப்படித் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் வளி ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். எனவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழை கூடும் என்று எதிர்பார்க்க வேண்டும். அந்த மழை விழுவது நமது சரிவுகளில்தான்.

மீரியபெத்தை எனக்குக் கற்பித்தது இதுதான்: நம்பாதவர் எல்லாரும் அறியாதவர் அல்லர். நம்பினால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையில், நம்பாமல் இருப்பதே மனிதருக்கு எஞ்சும் ஒரே ஆறுதல். காணி சொந்தமில்லாதவரிடம் "இந்த இடம் ஆபத்து" என்று மட்டும் சொல்வது அரைகுறை எச்சரிக்கை. போகும் இடத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு எச்சரிக்கை.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். தோட்ட மக்களுக்கு 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் இப்போது நடக்கிறது. உங்கள் ஊரில் வீடு கட்டும் நிலம் மண்சரிவுக்காகப் பரிசோதிக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் சகோதரிகளும் கேட்கலாம். கடிதத்திற்குத் தூரம் கிடையாது.

இரண்டாவது, நமது கல்லூரிக்கு ஒரு மழைமானி வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும் என்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவு. புவியியல் படிக்கும் மாணவிகள் தினமும் காலையில் அளந்து பதிவேட்டில் எழுதட்டும். நூறு வருடப் பாடசாலைக்கு நூறு வருட மழைக் கணக்கு இருந்திருந்தால் இன்று நான் இவ்வளவு பேச வேண்டியதில்லை. அடுத்த நூறுக்காவது இருக்கட்டும்.

மூன்றாவது, அந்த 150 ஐத் தாண்டும் இரவில் லயத்து மக்கள் எந்த மண்டபத்திற்குப் போவது, திறப்பு யாரிடம் இருக்கும் என்பதை ஒவ்வொரு தோட்டத்திலும் மழைக்கு முன்னரே தீர்மானிக்கச் சொல்லுங்கள். நமது பிரதான மண்டபத்தையும் அதற்குத் திறந்து தரலாமா என்று அதிபர் அவர்களிடம் இந்த மேடையிலிருந்தே கேட்டு வைக்கிறேன்.

ஐயப்படுங்கள், கேள்வி கேளுங்கள். நமது ஆசிரியைகள் நமக்குக் கற்றுத் தந்ததும் அதுதான். ஆனால் கேள்வி கேட்டுக்கொண்டே ஒரு கையால் மழையை அளந்துகொண்டிருப்போம். என் அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு அடுத்த ஒன்றுகூடலுக்குள் ஒரு பதிலோடு வர வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு உங்கள் எல்லாருடைய உதவியும் தேவை.