நரையும் சுற்றமும்

(திண்டிவனம், விழுப்புரம் கிளைகளின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முதுமை எய்தியும் தலை நரையாதது ஏன் என வினவியோர்க்குப் பிசிராந்தையார் தந்த விடையே புறநானூற்றின் 191-ஆம் பாட்டு. அவர் மருந்தையோ உணவையோ கூறினாரில்லை; மனைவி மக்களையும், ஏவலரையும், அரசனையும், ஊர்ச் சான்றோரையுமே காரணமாகக் கூறினார்.

இது வெறும் புலவர் கூற்றன்று. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எலிசா எப்பல், எலிசபெத் பிளாக்பர்ன் முதலியோர் 58 தாய்மாரின் இரத்த அணுக்களை ஆராய்ந்தனர். அவருட் பலர் நெடுநோயுற்ற மக்களைப் பேணுவோர். அணுவினுள் மரபிழைகளின் நுனியைக் காக்கும் டெலோமியர் என்னும் பகுதி வயது ஏற ஏறக் குறுகும் இயல்பினது. மனச்சுமை மிக்க தாய்மாரிடம் அது, சுமை குறைந்தோரைவிடப் பத்தாண்டு மூப்புக்கு நிகராகக் குறுகியிருந்தது. ஓராய்வு கொண்டு முடிவு கட்டலாகாது, ஆயினும் சிந்திக்கத்தக்கது.

அன்பர்களே! நம் பிள்ளைகள் இரயிலேறிச் சென்னைக்கும் அப்பாலும் ஏகுகின்றனர். பிழைப்பு வேண்டும், குறை கூறேன். ஆயின் தனித்திருக்கும் முதியோர்க்குப் பணம் வருகின்றது, பேச்சுத்துணை வருவதில்லை. படுக்கையுற்றோரை ஆண்டுக்கணக்காகப் பேணும் பெண்டிர்க்கு ஒருநாள் ஓய்வும் இல்லை. தெருவுக்கு இருவராக நாம் வாரந்தோறும் அவ்வீடுகளுக்குச் செல்வோமாக. நம்மவர், பிறர் என்னும் வேற்றுமையும் வேண்டா. பிசிராந்தையார் சுற்றத்தோடு நின்றாரில்லை. ஊரையும் சேர்த்தே சொன்னார்.